கூடையில் நிற முட்டைகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. நீலம், பச்சை, கடுங்கபிலம், வெள்ளை என்று பல நிற முட்டைகளை ஒரே கூடையில் அடுக்கி எடுத்த படங்கள் கைத்தொலைபேசிகளில் உலவத் தொடங்கிய பிறகு, தம் வீட்டு முற்றத்திலும் அப்படி ஒரு கூடை நிறையாதா என்ற ஆசை வன்னியில் பலருக்கு வந்திருக்கிறது. கால்நடைப் போதனாசிரியராக இந்தக் காட்டு வீதிகளில் பல ஆண்டுகள் சைக்கிள் மிதித்தவன் என்ற முறையில், அந்த ஆசை எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை ஓட்டின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 14 ஊர்க்கோழிகள் நிற்கின்றன. எல்லாம் வெளிறிய முட்டைகளே இடுகின்றன. நீலச் சங்குப்பூவை அரைத்துத் தவிட்டில் குழைத்துக் கொடுத்தால் நீல முட்டை கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். செய்து பார்க்கலாமா? (வாசகி, மல்லாவி)

வேண்டாம், அம்மா. சங்குப்பூவை எவ்வளவு குழைத்துக் கொடுத்தாலும் ஓடு நீலமாகாது. உங்கள் வேலிப்பூதான் வீணாகும். தீனால் நிறம் மாறுவது ஓடு அல்ல, மஞ்சட்கரு. முருங்கையிலை, அகத்தியிலை, மஞ்சள் சோளம், வளவில் மேயும் பச்சைப்புல் ஆகியவற்றிலுள்ள நிறப்பொருள் இரத்தத்தின் வழியே கருவைச் சென்றடைவதால்தான் மேய்ந்து திரியும் கோழியின் முட்டைக்கரு கடும் மஞ்சளாகத் தெரிகிறது. ஓட்டின் நிறமோ பேடு தன் தாய் தகப்பனிடமிருந்து பிறப்பிலேயே கொண்டுவருவது.

ஒரு முட்டை கோழியின் வயிற்றில் உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணித்தியாலம் செல்லும். அதில் ஏறத்தாழ 20 மணித்தியாலத்தை அது ஓட்டுச் சுரப்பியிலேயே கழிக்கிறது. அங்கே படிவது கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. ஆகவே எல்லா ஓடும் அடியில் வெள்ளைதான். கபில நிறத்தைத் தரும் புரோட்டோபோர்பைரின் என்ற பொருள் பெரும்பாலும் கடைசிச் சில மணித்தியாலங்களில், சுவருக்கு மேற்பூச்சு அடிப்பதுபோல வெளிப்புறத்தில் பூசப்படுகிறது. நீல நிறத்தைத் தரும் பிலிவர்டின் அப்படியல்ல. ஓடு படியும்போதே அதனுடன் கலந்து உள்ளும் புறமும் ஊறிவிடுகிறது. இந்தப் பிலிவர்டின் நமக்கு அந்நியமானதும் அல்ல. அடிபட்டுக் கன்றிய தோல் சில நாட்களில் பச்சை பாரிக்கிறதே, அந்தப் பச்சைக்கும் இதுவே காரணம்.

இதைக் குசினியிலேயே பார்க்கலாம். கபில முட்டை ஒன்றை உடைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிட்டு ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். நீல முட்டையாயின் உட்புறமும் நீலமாகவே இருக்கும். சென்ற ஐப்பசியில் எங்கள் செம்பேடு இட்டு ஈரங்கூடக் காயாத முட்டை ஒன்றில் எச்சம் பட்டிருந்தது. அதை ஈரத்துணியால் சற்று அழுத்தித் துடைத்தேன். எச்சத்துடன் நிறமும் வந்தது. துணியில் செங்கபிலக் கறை, முட்டையில் விரல் அகலத்துக்கு வெளிறிய ஒரு தடம். பேரப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, கோழிக்குச் சாயம் பூசியது யார் என்று கேட்டான்.

கேள்வி: கடந்த ஆண்டு ‘நீல முட்டைக் கோழி’ என்று சொல்லி விற்ற 6 குஞ்சுகளை வாங்கினேன். இரண்டு சேவலாகிவிட்டன. மீதி நான்கில் ஒன்று மட்டும் பச்சை கலந்த முட்டை இடுகிறது, மூன்றும் இளங்கபிலம். நான் ஏமாற்றப்பட்டேனா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

விற்றவர் பொய் சொன்னாரா, அல்லது தானும் அப்படியே நம்பி விற்றாரா என்று ஆராய்வதை விட, அந்தக் குஞ்சுகளின் வழியை ஆராய்வது பயன் தரும். எனக்கும் இதே அனுபவம் உண்டு. ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கிய 5 குஞ்சுகளை மரநாய்க்கும் பருந்துக்கும் தப்பவைத்து வளர்த்தெடுத்தேன். ஏழாம் மாதம் முதற்பேடு இட்ட முட்டை சந்தைக்கடையில் வாங்கும் முட்டையைப் போலவே கபிலமாக இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

நீல முட்டைக் கோழிகளில் பெயர் பெற்றது தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் மப்புச்சே மக்கள் வளர்த்த கோழிகளின் வழியில் வந்த அரவுக்கானா. சல்வடோர் கஸ்டெல்லோ என்ற ஸ்பானியக் கோழியியலாளர் 1914 இல் சிலியில் இக்கோழிகளைக் கண்டு, 1921 இல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் அவற்றைப் பற்றி எடுத்துரைத்தார். அரவுக்கானாவில் காதோரம் குஞ்சம் போல இறகு முளைக்கும் வகை உண்டு. அந்தக் குஞ்சத்துக்குரிய மரபணு தாய், தகப்பன் இரண்டு வழியாலும் வந்துவிட்டால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். அழகுக்குக் கொடுக்கும் விலை அது. தாடியும் வாலும் உள்ள அமெரவுக்கானா அமெரிக்காவில் உருவானது. கிரீம் லெக்பார் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவானது. கிரீம் லெக்பாரின் குஞ்சு பொரித்த அன்றே உடல் மயிரின் நிறத்தைக் கொண்டு சேவலா பேடா என்று சொல்லிவிடலாம் என்பதால், ஆறில் இரண்டு சேவலாகிவிட்டன என்ற உங்கள் கவலைக்கு அந்த இனத்தில் இடமில்லை.

இவை எல்லாம் தூய இனங்கள். படங்களில் நாம் காணும் கூடைகள் பலவற்றை நிறைப்பவை இவையல்ல, ‘ஈஸ்டர் எக்கர்’ என்று அழைக்கப்படும் கலப்புக் கோழிகள். அது ஓர் இனத்தின் பெயரே அல்ல. நீல மரபணு எங்கோ ஒரு பாட்டனிடமிருந்து வந்திருக்கக்கூடிய கலப்புகளுக்கான பொதுப்பெயர். அத்தகைய கோழிகளின் குஞ்சுகளில் ஒன்று பச்சை முட்டை இடும், இன்னொன்று கபில முட்டை இடும். உங்கள் நான்கு பேடுகளும் காட்டுவது அந்தக் கணக்கைத்தான். எனவே இனி வாங்குவதாயின் குஞ்சைப் பார்த்து வாங்காதீர்கள். தாய்ப்பேட்டின் முட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தகப்பன் எந்த நிற முட்டையிலிருந்து பொரித்தது என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் மறுமொழி இல்லாவிட்டால் ஊர்க்கோழிக்குரிய விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பயணப் பையில் நாலு அடைமுட்டை கொண்டுவரச் சொல்லலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். கூடாது. 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ், உயிர்க்கோழியாயினும் அடைமுட்டையாயினும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியுடன்தான் நாட்டுக்குள் வரலாம். பறவைக் காய்ச்சல் போன்ற ஒரு நோய் அந்தப் பையில் வந்துவிட்டால் நட்டம் உங்கள் வளவோடு நிற்காது.

கேள்வி: என்னிடம் உள்ள சேவல் நீல முட்டையிலிருந்து பொரித்தது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை ஊர்ப்பேடுகளுடன் விட்டால் நீல முட்டை வருமா? (வாசகர், நெடுங்கேணி)

வரக்கூடும், தம்பி, ஆனால் அந்தப் பேடுகளிடமிருந்து அல்ல, அவற்றின் மகள்களிடமிருந்து. இதைச் சிலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். சேவல் சேர்வதால் பேடு இடும் முட்டையின் ஓட்டு நிறம் அணுவளவும் மாறாது. ஒரு பேடு தன் ஆயுள் முழுவதும் ஒரே வகை நிறத்தையே இடும்; சாயல் மட்டும் கூடிக் குறையும்.

நீல நிறம் ஆட்சியுடைய இயல்பு என்பதை, மரபியலாளர் றெஜினால்ட் பனெற் 1933 இல் காட்டினார். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து நீல மரபணுவின் ஒரு படி, அதாவது ஒரு பிரதி, கிடைத்தாலே ஓட்டில் நீலம் வந்துவிடும். உங்கள் சேவலிடம் அந்த மரபணு இரண்டு படியாக இருந்தால், எந்த ஊர்ப்பேட்டுடன் சேர்ந்தாலும் அதன் மகள்கள் அனைத்தும் நீலச் சாயல் இடும். ஒரு படிதான் இருந்தால் மகள்களில் பாதியளவே இடும். சேவலோ முட்டை இடாது. பிறகு எப்படிக் கண்டறிவது? மகள்களை எண்ணித்தான். வெவ்வேறு ஊர்ப்பேடுகளுக்குப் பிறந்த 8 மகள்களும் தவறாமல் நிறமுட்டை இட்டால், ஒரு படி மட்டுமுள்ள சேவலுக்கு அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 256 இல் 1 தான். அதற்கு மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. மாறாக, ஒரே ஒரு மகள் வெளிறிய கபில முட்டை இட்டாலும் சேவலிடம் இரண்டு படி இல்லை என்பது உறுதி.

ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வானநீலம் முதல் தலைமுறையிலேயே கிடைக்காது. ஊர்ப்பேட்டின் வழியில் ஏதோ ஓரளவு கபிலம் இருக்கும்; நீல ஓட்டின் மேல் கபிலப் பூச்சு விழுந்தால் கண்ணுக்குத் தெரிவது பச்சை. தாயின் கபிலம் எவ்வளவு கடுமையோ மகளின் பச்சையும் அவ்வளவு கடுமை. பிரான்சின் மரான்ஸ் போன்ற கடுங்கபில இனத்துடன் நீல வழியைக் கலந்துதான் ஒலிவ் நிற முட்டைகளைப் பெறுகிறார்கள். நீலம் வேண்டுமானால் உங்கள் பேடுகளில் மிக வெளிறிய முட்டை இடுபவற்றை மட்டும் அந்தச் சேவலுடன் விடுங்கள். பச்சை வேண்டுமானால் கபிலம் கூடியவற்றை விடுங்கள். கபிலம் பல மரபணுக்கள் சேர்ந்து தரும் நிறம் என்பதால் ஒரே தலைமுறையில் அதைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பட்டாணிக் கொண்டை, அதாவது மூன்று வரிசையாகத் தாழ்ந்து மொட்டு மொட்டாக இருக்கும் கொண்டை, நீல மரபணுவுக்கு மிக அருகில் அமைந்த மரபணுவால் வருவது. ஆகவே பட்டாணிக் கொண்டையுள்ள குஞ்சுகளைத் தெரிந்தெடுங்கள் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். அது அவர்களின் கோழிகளுக்குப் பொருந்தும். நம் ஊரில் சண்டைச்சேவல் வழியான அசில் இரத்தம் பல முற்றங்களில் கலந்திருக்கிறது. அசிலுக்கும் பட்டாணிக் கொண்டைதான், அதில் நீலம் இல்லை. இங்கே கொண்டையை நம்பித் தெரிவு செய்தால், நீலத்துக்குப் பதிலாக எல்லாவற்றையும் கொத்தி விரட்டும் ஒரு கூட்டந்தான் மிஞ்சும்.

அடைக்கு 21 நாள், முதல் முட்டைக்கு ஏறத்தாழ 6 மாதம் என்று கணக்கிட்டால், பேத்திகளின் முட்டையைப் பார்க்க உங்களுக்கு ஓராண்டுக்கு மேல் செல்லும். ஒவ்வொரு பேட்டின் காலிலும் நிறநூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டி, எந்த நூல் எந்த நிறம் இட்டது என்று பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி வாருங்கள். கோழி வளரும் வேகத்தில் மறதியும் வளரும்.

கேள்வி: கருங்கோழி கறுப்பு முட்டை இடுமா? அந்த முட்டையில் சத்து அதிகமா? (பாடசாலை மாணவி, கிளிநொச்சி)

இடாது, மகளே. தோலும் இறைச்சியும் எலும்பும் கறுத்த கடக்நாத் கோழிகூட இளங்கபில அல்லது வெளிறிய முட்டைதான் இடுகிறது. இறகின் நிறத்துக்கும் ஓட்டின் நிறத்துக்கும் தொடர்பில்லை. வெள்ளைக் காதுமடல் உள்ள கோழி வெள்ளை முட்டை இடும் என்பது பல இனங்களில் சரி, எல்லாவற்றிலும் அல்ல. சத்தும் ஓட்டின் நிறத்தால் கூடுவதில்லை.

கேள்வி: வெளிநாட்டு இனம் எதுவும் வாங்க வசதியில்லை. வன்னியில் கிடைப்பவற்றைக் கொண்டே பலநிறக் கூடை ஒன்றை நிறைக்க முடியுமா? (வாசகி, முத்தையன்கட்டு)

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முடியும், நான் தொடங்கச் சொல்வதும் இந்த வழியில்தான்.

முதலில் உங்கள் ஊர்க்கோழிகளின் முட்டைகளையே ஒரு வாரம் சேர்த்துச் சுளகொன்றில் பரப்பி, காலை வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒரே நிறம் என்று நினைத்தவற்றில் சுண்ணாம்பு வெள்ளை, பால்நிறம், இளஞ்சிவப்பு பாரித்தது, தேயிலைச் சாயம், கபிலப் புள்ளி விழுந்தது என்று நாலைந்து சாயல்கள் பிரிந்து நிற்கும். பண்ணைக் கோழிகளைப் போல ஊர்க்கோழிகளை யாரும் ஒரே அச்சில் வார்க்கவில்லை என்பதால், இந்த வேறுபாடு அவற்றில் இயல்பாகவே இருக்கிறது. இருமுனைகளிலும் நிற்கும் பேடுகளை, அதாவது மிக வெளிறியதையும் மிகக் கபிலமானதையும் அடையாளங்கண்டு அவற்றின் முட்டைகளையே அடைக்கு வையுங்கள். முட்டை வெள்ளையாக வேண்டுமாயின் லெக்கோன் இரத்தம் கலந்த பேடு ஒன்றும், கடுமையாக வேண்டுமாயின் றோட் ஐலண்ட் றெட் வழி வந்த பேடு ஒன்றும் போதும்.

அடுத்தது தாரா. உங்கள் ஊரில் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் குறைவில்லை. தாராக்களில் சில வெள்ளை முட்டையும் சில இளம்பச்சை முட்டையும் இடும். அந்தப் பச்சைக்கும் காரணம் முன்னே சொன்ன பிலிவர்டின்தான். பச்சை முட்டைத் தாரா ஒன்று அயலில் இருந்தால் அதன் முட்டைகளை வாங்கி உங்கள் அடைக்கோழியின் கீழ் வையுங்கள். 21 ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லையே என்று எறிந்துவிடாதீர்கள். தாராவுக்கு 28 நாள். தாய்க்கோழி கரையில் நின்று கத்த, குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கி நீந்திப்போகும் காட்சி இலவசம்.

கினிக்கோழியின் முட்டை சிறியது, கூர்மையானது, புள்ளிகள் தூவிய பால்நிறம். ஓடு கல்லைப்போல் கடினமானது. ஆனால் அது கூட்டில் இடுவதை விரும்பாமல் பற்றைக்குள் ஒளித்து இடும். நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குரங்கோ உடும்போ முந்திக்கொள்ளும். காலை ஒன்பது, பத்து மணி வரை கூட்டைத் திறக்காமல் அடைத்துவைத்தால் ஓரளவு முட்டையாவது கைக்கு வரும். பாம்பைக் கண்டால் ஊரைக்கூட்டும் என்பதால், இந்தப் பறவையின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். காடைமுட்டையின் கரும்புள்ளிக் கோலம் பேட்டுக்குப் பேடு வேறுபடும். சிறு கூடு ஒன்றில் நாலு காடை வளர்த்தால் கூடையின் அழகு நிறைந்துவிடும்.

காட்டில் கிடைக்கும் காட்டுக்கோழி முட்டையையும் மயில் முட்டையையும் இந்தக் கூடையில் சேர்க்க நினைக்க வேண்டாம். இரண்டும் காட்டுக்குரிய பறவைகள்.

கேள்வி: சோளகம் பெயர்ந்த நாளிலிருந்து என் கபில முட்டைகள் வெளிறிக்கொண்டே போகின்றன. ஓடும் விரல் பட்டாலே நொறுங்குகிறது. நோயா? (வாசகர், பூநகரி)

பெரும்பாலும் வெயில்தான். கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணிக்கிறது. அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுவதால், ஓடு கட்டத் தேவையான காபனேற்றுக் குறைகிறது. வெயிலில் தீனும் குறைத்தே தின்னும். ஒரு ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. அது தீனில் கிடைக்காதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். உங்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. சிப்பிகளைக் கழுவிக் காயவைத்து, குறுணல் அளவுக்கு இடித்து, தீனுடன் கலக்காமல் தனிச்சிரட்டையில் வையுங்கள். தேவையான பேடு தேவையான அளவு தானே கொத்தும். கூட்டுக்கு மேல் கிடுகு வேயுங்கள், தகரத்தை நேரே வெயிலில் விடாதீர்கள். தண்ணீரை நிழலில் மண்சட்டியில் வைத்து நண்பகலில் ஒருமுறை மாற்றுங்கள்.

நிறம் வெளிறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இடத் தொடங்கிய புதிதில் கடுமையாக இருக்கும் கபிலம் மாதங்கள் செல்லச் செல்ல இளகி, இறகு உதிர்த்து ஓய்ந்து மீண்டும் இடத் தொடங்கும்போது பழைய கடுமைக்குத் திரும்பும், இது இயல்பு. நாய் துரத்தியோ வேறு வகையிலோ பயந்த பேடு மறுநாள் வெளிறிய முட்டை இடுவதும் இயல்பே. ஆனால் பல பேடுகளின் முட்டைகள் ஒரே நேரத்தில் வெளிறி, ஓடு சுருங்கி, மூக்கொழுகலோ மூச்சுத்திணறலோ பச்சை, வெள்ளைக் கழிச்சலோ சேர்ந்து வந்தால் அது ராணிக்கெட்டாகவோ சுவாசநோயாகவோ இருக்கலாம். அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள்.

கேள்வி: பச்சை முட்டைகள் 9 கிடைத்தன. அடைக்கு வைத்து ஏழாம் நாள் ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் கூழாகிவிட்டனவா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பொறுங்கள், எறிந்துவிடாதீர்கள். வெள்ளை முட்டையில் ஏழாம் நாளிலேயே சிவந்த நரம்புகள் சிலந்திவலைபோலத் தெரியும். நிற ஓடு வெளிச்சத்தை மறைப்பதால் பச்சை முட்டையிலும் கடுங்கபில முட்டையிலும் அப்படித் தெரியாது. பத்தாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் பருத்த முனையில் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேலே காற்றறை வெளிச்சமாகவும் அதன் கீழே இருளாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது சினைப்படாத முட்டை. உறுதியாகச் சொல்ல முடியாதவற்றை அடையிலேயே விட்டு, பதினாலாம் நாள் மீண்டும் பாருங்கள். மணம் வீசுவதை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே வெடித்தால் மற்ற எட்டும் கெட்டுவிடும்.

இடிமுழக்கத்துக்குக் கூழாகாமல் இருக்க அடைக்குள் இரும்பாணியும் கரித்துண்டும் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் தாயாரும் வைத்தார். ஆணியால் முட்டைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கூர்முனை மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பச்சை ஓடும் குத்தினால் உடையும்.